ஒரு பெஸோ புரட்சி

ஒரு கவரிலிருந்து ஆரம்பிக்கவேண்டும்.

2001, ஜனவரி 16. செவ்வாய்க்கிழமை ராத்திரி. பிலிப்பைன்ஸ் நாட்டின் தலைநகரான மணிலாவில் செனட் சபை கூடியிருக்கிறது. வழக்கமான சபைக் கூத்து அல்ல. விசாரணை. குற்றம் சாட்டப்பட்டிருப்பவர், நாட்டின் ஜனாதிபதி. செனட்டர்கள்தாம் நீதிபதிகள். ஒரு மாதத்துக்கும் மேலாக டி.வி.யில் நேரடி ஒளிபரப்பு. சீரியல்களை ஓரங்கட்டிவிட்டு ஜனங்கள் இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சபையில் ஒரு கவர். சீல் வைத்த கவர். உள்ளே ஒரு வங்கிக் கணக்கு சம்பந்தப்பட்ட காகிதங்கள். கணக்கு வைத்திருப்பவர் பெயர் ஹோஸே வெலார்டே. அப்படி ஒரு ஆசாமியே கிடையாது, ஜனாதிபதிதான் அந்தப் பெயரில் பணத்தைப் போட்டு வைத்திருக்கிறார் என்பது குற்றச்சாட்டு. கவரைப் பிரித்தால் தெரிந்துவிடும்.

பிரிக்கலாமா, கூடாதா? ஓட்டெடுப்பு நடந்தது.

பிரிக்கலாம் என்று பத்துப் பேர். கூடாது என்று பதினொரு பேர்.

அவ்வளவுதான். செனட் தலைவர் பதவியை ராஜினாமா செய்வதாக அங்கேயே அறிவித்தார். குற்றம் சாட்டிய தரப்பு வக்கீல்கள் வெளிநடப்பு செய்தார்கள். கவரைப் பிரிக்கக்கூடாது என்று ஓட்டுப் போட்ட பெண் செனட்டர் ஒருவர், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும்போதே சின்னதாக ஒரு டான்ஸ் ஆடினார். சில வினாடிகள்தான். நாடு முழுக்கப் பார்த்துவிட்டது.

அடுத்த சில நிமிடங்களில் மணிலாவில் ஆயிரக்கணக்கான செல்போன்கள் சிணுங்க ஆரம்பித்தன. எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட ஒரே செய்தி. எட்சாவுக்கு வா. கறுப்பு உடுத்திக்கொண்டு வா.

நான்கே நாள். ஜனாதிபதி மாளிகை காலி.

செல்போன் கவிழ்த்த முதல் ஆட்சி என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. இனி சர்வாதிகாரிகளுக்குத் தூக்கம் கிடையாது, ஜனநாயகம் சட்டைப்பைக்குள் வந்துவிட்டது என்று குதூகலித்தார்கள். அதே நாட்டில், அதே ஜனங்கள் கையில் இருந்த செல்போன், பிறகு என்னவெல்லாம் செய்தது என்பதுதான் இந்தக் கதை. அந்தக் கவருக்குள் என்ன இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

*

எட்சா என்பது மணிலாவைச் சுற்றிப் போகும் ஒரு பெரிய சாலை. எபிஃபானியோ தெ லோஸ் சாந்தோஸ் என்கிற அறிஞரின் பெயரைச் சுருக்கி அப்படிச் சொல்வார்கள். நீளம் சுமார் 24 கிலோ மீட்டர். போக்குவரத்து நெரிசலுக்குப் பேர் போனது. ஆனால் பிலிப்பைன்ஸ்காரர்களுக்கு அது வெறும் சாலை அல்ல.

பதினைந்து வருடம் பின்னால் போனால் புரியும்.

ஃபெர்டினாண்ட் மார்கோஸ் என்றொரு சர்வாதிகாரி இருந்தார். 1965-ல் ஒழுங்காகத் தேர்தலில் ஜெயித்து வந்தவர்தான். 1972-ல் ராணுவச் சட்டத்தைக் கொண்டுவந்தார். எதிர்க்கட்சிக்காரர்கள் உள்ளே. பத்திரிகைகளுக்குப் பூட்டு. டி.வி. நிலையங்களுக்கும் பூட்டு. அவருடைய மனைவி இமெல்டாவின் செருப்புக் கணக்கை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆயிரக்கணக்கான ஜோடிகள். 1983-ல் எதிர்க்கட்சித் தலைவர் நினோய் அகினோ வெளிநாட்டிலிருந்து திரும்பி, மணிலா விமான நிலையத்தில் இறங்கிய கையோடு சுட்டுக் கொல்லப்பட்டார்.

1986 பிப்ரவரியில் மார்கோஸ் ஒரு திடீர்த் தேர்தல் வைத்தார். எதிர்த்து நின்றவர் நினோயின் மனைவி கோரசான் அகினோ. ஓட்டு எண்ணிக்கையைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. இரண்டாம் நாள் ராத்திரி முப்பது சொச்சம் கம்ப்யூட்டர் ஊழியர்கள் அப்படியே எழுந்து வெளியே போய்விட்டார்கள். நாங்கள் ஏற்றுகிற எண் ஒன்று, வெளியே பலகையில் காட்டுகிற எண் வேறொன்று. இந்தப் பாவத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. தொழில்நுட்பமும் ஜனநாயகமும் அந்த நாட்டில் முதல்முதலாக முறைத்துக்கொண்டது அங்கேதான்.

பிப்ரவரி 22. பாதுகாப்பு அமைச்சரும் ராணுவத் துணைத் தளபதியும் மார்கோஸுக்கு எதிராகத் திரும்பி, எட்சா சாலையோரத்தில் இருந்த முகாம்களில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அவர்களைப் பிடிக்க டாங்கிகள் கிளம்பும் என்பது நிச்சயம். அப்போது ரேடியோ வெரிதாஸில் ஒரு குரல் ஒலித்தது. கார்டினல் ஹைமே சின். மணிலாவின் ஆர்ச் பிஷப். எட்சாவுக்குப் போங்கள், அவர்களைக் காப்பாற்றுங்கள், சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள் என்றார்.

போனார்கள். லட்சக்கணக்கில். கன்னியாஸ்திரீகள் ஜெபமாலையும் கையுமாக டாங்கிகளுக்கு முன்னால் மண்டியிட்டார்கள். ரேடியோ நிலையத்தின் கோபுரத்தை மார்கோஸின் ஆட்கள் உடைத்தார்கள். ஒலிபரப்பு வேறொரு நிலையத்துக்கு இடம் மாறித் தொடர்ந்தது. நான்காம் நாள், பிப்ரவரி 25, மார்கோஸ் குடும்பம் அமெரிக்க விமானம் ஏறி ஹவாய்க்குப் போய்ச் சேர்ந்தது.

இதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும். 1986-ல் ஒரே ரேடியோ. ஒரே குரல். பேசியது யார் என்று எல்லோருக்கும் தெரியும். பொய் சொன்னால் யார் சட்டையைப் பிடிப்பது என்பதும் தெரியும்.

2001-ல் அப்படி இல்லை.

*

சரி, கவர் கதைக்கு வருவோம். அந்த ஜனாதிபதியின் பெயர் ஜோசப் எஸ்ட்ராடா. சினிமா நடிகர். ஏழைகளுக்காக வில்லன்களை அடித்து நொறுக்கும் வேஷங்களில் நூறு படத்தைத் தாண்டியவர். நடிகர்கள் கோட்டைக்குப் போவது எப்படி என்பதை உங்களுக்கு விளக்கவேண்டிய அவசியம் இல்லை. செல்லப் பெயர் எராப். 'பாரே' என்றால் அவர்கள் பாஷையில் தோழா, மச்சான் என்கிற மாதிரி. அந்த வார்த்தையின் எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் எராப். 1998 தேர்தலில் ஒரு கோடிக்கும் மேல் ஓட்டு. குடிசைப் பகுதிகளில் அவர் தெய்வம். படித்த நடுத்தர வர்க்கத்துக்கு அவர் ஒரு ஜோக். அவருடைய இங்கிலீஷைக் கிண்டல் செய்யும் ஜோக்குகளைத் தொகுத்து அவரே புத்தகம் போடச் சொன்னவர். சாமர்த்தியசாலி.

2000 அக்டோபரில் அவருடைய பழைய தோஸ்த், ஒரு மாகாண கவர்னர், வாயைத் திறந்தார். ஹுவெதெங் என்று அங்கே ஒரு நம்பர் சூதாட்டம் உண்டு. ஒன்றிலிருந்து முப்பத்தேழுக்குள் இரண்டு நம்பர் கட்டவேண்டும். நம் பக்கத்துக் காட்டன் சூதாட்டத்தின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி தப்பு. ஆனால் தெருவுக்குத் தெரு நடக்கும். அந்தச் சூதாட்டக்காரர்களிடமிருந்து ஜனாதிபதிக்கு மாமூல் போகிறது, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன், மொத்தம் நாற்பது கோடி பெஸோ என்றார் கவர்னர். அதிலிருந்து கிளம்பியதுதான் செனட் விசாரணை. அதிலிருந்து வந்ததுதான் கவர்.

இப்போது செல்போன்.

பிலிப்பைன்ஸில் எஸ்.எம்.எஸ். அறிமுகமானபோது அது இலவசம். போனில் பேசினால் காசு கரையும். தட்டி அனுப்பினால் கரையாது. ஜனங்கள் என்ன செய்வார்கள்? தட்டித் தள்ளினார்கள். பிற்பாடு ஒரு மெசேஜுக்கு ஒரு பெஸோ என்று கட்டணம் போட்டபோது பழக்கம் முற்றிப் போயிருந்தது. காதல், கடன், கிரிக்கெட் மாதிரி அவர்களுக்கு உயிரான கூடைப்பந்து ஸ்கோர், எராப் ஜோக், எல்லாமே எஸ்.எம்.எஸ்.தான். உலகத்தின் மெசேஜ் தலைநகரம் என்றே அந்த ஊருக்குப் பெயர் வந்துவிட்டது.

ஜனவரி 16 ராத்திரி வந்த மெசேஜை எழுதியவர் யார்? யாருக்கும் தெரியாது. இன்றுவரைக்கும் தெரியாது. ஆனால் ஒவ்வொருவருக்கும் அது தெரிந்த ஒருவரிடமிருந்து வந்தது. அத்தையிடமிருந்து. ஆபீஸ் சிநேகிதியிடமிருந்து. கல்லூரித் தோழனிடமிருந்து. எழுதியவர் யாராக இருந்தால் என்ன? அனுப்பியவர் நம் ஆள். ஆகவே நம்பலாம். ஆகவே போகலாம். போகும்போது பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டுப் போகலாம்.

நள்ளிரவுக்குள் கூட்டம் சேர ஆரம்பித்துவிட்டது. நான்கு நாளில் பல லட்சம். எங்கும் கறுப்பு உடை. போலீஸ் எங்கே நிற்கிறது, எந்த இடத்தில் ஆள் குறைவு, தண்ணீர் எங்கே கிடைக்கும், எல்லாம் மெசேஜில் வந்தது. மேடைக்காரர் சொல்வதற்கு முன்னால் கூட்டத்துக்குத் தெரிந்திருந்தது.

ஜனவரி 19 அன்று ராணுவத் தளபதி கூட்டத்தின் பக்கம் வந்து நின்றார். மறுநாள் அதே எட்சாவில், துணை ஜனாதிபதியாக இருந்த குளோரியா அரோயோவுக்குத் தலைமை நீதிபதி பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். எஸ்ட்ராடா குடும்பத்தோடு மலகான்யாங் மாளிகையின் பின்புறமாக இறங்கி, பாசிக் நதியில் படகேறிப் போனார். எஸ்.எம்.எஸ். செய்த ஆட்சிக் கவிழ்ப்பு என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். எஸ்ட்ராடாவே அப்படிச் சொல்லிப் புலம்பினார் என்பார்கள்.

வெற்றி. சுபம். வணக்கம் போட்டுவிடலாமா?

ம்ஹும். படம் இன்னும் இடைவேளைக்கே வரவில்லை.

*

அப்போது பிலிப்பைன்ஸின் ஜனத்தொகை ஏழரைக் கோடி. பத்துப் பேரில் சுமாராக ஒருவர் கையில்தான் செல்போன். மிச்சம் ஒன்பது பேர்?

அவர்களும் வந்தார்கள். ஏப்ரல் 25-ம் தேதி எஸ்ட்ராடாவைக் கைது செய்தபோது குடிசைகளிலிருந்து கிளம்பி, அதே எட்சாவுக்கு, லட்சக்கணக்கில் வந்தார்கள். எங்கள் ஆளை ஓட்டுப் போட்டு உட்காரவைத்தது நாங்கள்; மெசேஜ் அனுப்பி இறக்குவதற்கு நீங்கள் யார்? நியாயமான கேள்வி. யாரும் பதில் சொல்லவில்லை. மாறாக, ஜனவரியில் புரட்சி செய்த அதே செல்போன்களில் இப்போது வேறு மாதிரி மெசேஜ்கள் சுற்றின. பல்லில்லாத கூட்டம். குளிக்காத கூட்டம். காசு வாங்கிக்கொண்டு வந்த கூட்டம். மே 1 விடியற்காலையில் அந்த ஜனங்கள் மாளிகையை நோக்கி நடந்தபோது கல்வீச்சு, துப்பாக்கிச்சூடு. சில உயிர்கள் போயின. அரோயோ அரசு, நாட்டில் கலகம் நடப்பதாகப் பிரகடனம் செய்தது.

செல்போன் வைத்திருந்தவன் வந்தால் மக்கள் சக்தி. இல்லாதவன் வந்தால் கலகம். இந்த வடு சாமானியத்தில் ஆறவில்லை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இன்னொரு காட்சி. 2005. முந்தைய வருடம் நடந்த தேர்தலில் அரோயோ சுமார் பதினொரு லட்சம் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தார். ஓட்டு எண்ணும்போது தேர்தல் கமிஷனர் ஒருவருடன் அவர் போனில் பேசியதாக ஒரு டேப் வெளியானது. ஒட்டுக்கேட்கப்பட்ட டேப். வித்தியாசம் பத்து லட்சத்துக்குக் குறையாது அல்லவா என்று ஒரு பெண் குரல் விசாரிக்கிறது. ஜனங்கள் அந்தக் குரலை வெட்டி எடுத்து ரிங்டோன் ஆக்கினார்கள். 'ஹலோ கார்ஸி'. பஸ்ஸில், ஆபீஸில், சர்ச்சில், எங்கே போன் அடித்தாலும் ஜனாதிபதியின் குரல். அரோயோ டி.வி.யில் தோன்றி, தேர்தல் அதிகாரியிடம் பேசியது தப்புதான், மன்னித்துவிடுங்கள் என்றார்.

ஆட்சி கவிழ்ந்ததா?

இல்லை. 2010 வரை ஜம்மென்று இருந்துவிட்டுத்தான் போனார். ஏன்? மெசேஜ் குறைச்சலா? 2001-ஐ விடப் பலமடங்கு அதிகம். ஆனால் இந்த முறை ராணுவம் அசையவில்லை. பிஷப்புகள் ராஜினாமா கேட்கவில்லை. கார்டினல் சின் அந்த ஜூன் மாதத்தில்தான் காலமாகியிருந்தார். நடுத்தர வர்க்கமோ களைத்துப் போயிருந்தது. அப்போதுதான் உறைத்தது. 2001-ல் கூட்டத்தைக் கூட்டியது செல்போன். நாற்காலியைக் கவிழ்த்தது செல்போன் அல்ல. தளபதியும் தேவாலயமும் நேரடி ஒளிபரப்பும் சேர்ந்து தள்ளியதில் விழுந்த நாற்காலி அது. பெயரைத் தட்டிக்கொண்டு போனது மட்டும் செல்போன்.

*

அடுத்த பத்து வருடத்தில் செல்போனுக்குத் திரை பெரிதானது. உள்ளே ஃபேஸ்புக் வந்து உட்கார்ந்தது.

பிலிப்பைன்ஸில் கிட்டத்தட்ட ஒவ்வொரு குடும்பத்திலும் யாராவது ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். துபாயில் நர்ஸ். ஹாங்காங்கில் வீட்டு வேலை. ஏதாவதொரு கடலில், ஏதாவதொரு கப்பலில் மாலுமி. பிள்ளை வளர்வதை அம்மா ஃபேஸ்புக்கில்தான் பார்க்கவேண்டும். ஆகவே அது அவர்களுக்குப் பொழுதுபோக்கு அல்ல. தபால்காரர், ஆல்பம், திண்ணை எல்லாம் அதுதான்.

2013 முதல் போன் கம்பெனிகள் ஒரு சலுகை கொடுத்தன. கையில் டேட்டா இல்லாவிட்டாலும் ஃபேஸ்புக் மட்டும் இலவசமாகத் திறக்கும். பழைய இலவச எஸ்.எம்.எஸ். தந்திரம்தான். ஆனால் இதில் ஒரு சூட்சுமம். ஃபேஸ்புக்கில் ஒரு செய்தியின் தலைப்பைப் பார்க்கிறீர்கள். முழுசாகப் படிக்கலாம் என்று அழுத்தினால் அது வேறு தளத்துக்குப் போகும். அதற்குக் காசு. தலைப்பு இலவசம், செய்திக்குக் காசு என்றால் ஏழை என்ன செய்வான்? தலைப்பைப் படித்து, தலைப்பை நம்பி, தலைப்பைப் பகிர்ந்துவிட்டுப் போவான்.

2016 தேர்தலுக்கு ரோட்ரிகோ டுடெர்டே வந்தார். தெற்கே, டாவோ நகரத்து மேயர். கெட்ட வார்த்தை சரளமாக வரும். போதை மருந்துக்காரர்களைக் கொல்வேன் என்று மேடையில் சொன்னவர். டி.வி. விளம்பரத்துக்கு மற்றவர்கள் அளவுக்குப் பணம் இல்லை. அவருடைய சமூக ஊடக வேலைகளைப் பார்த்துக்கொண்டவர் விளம்பரத் துறைக்காரர். சுமார் ஐந்நூறு தொண்டர்கள். நான்கு அணி. நாட்டின் மூன்று பகுதிகளுக்கு மூன்று. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்காக ஒன்று. தொண்டர் ஒவ்வொருவருக்கும் கீழே ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள் கொண்ட குழுக்கள். மேலிருந்து விஷயம் வரும். அவரவர் பாஷையில், அவரவர் நடையில் எழுதிப் பரப்பவேண்டும். வித்தியாசம் புரிகிறதா? 2001-ல் தானாகப் பரவியது. இப்போது பரப்புவதற்கு ஒரு அமைப்பு.

1 கோடியே 66 லட்சம் ஓட்டு வாங்கி டுடெர்டே ஜெயித்தார். இதில் நாம் ஒரு தப்பு செய்துவிடக்கூடாது. இத்தனை பேரும் ஃபேஸ்புக்கில் ஏமாந்தவர்கள் என்று சொன்னால் அது 2001-ல் 'பல்லில்லாத கூட்டம்' என்று சொன்னதற்குச் சமம். மணிலாவின் பணக்காரக் குடும்பங்கள் மாறி மாறி ஆண்டதில் அவர்களுக்கு நிஜமாகவே வயிற்றெரிச்சல் இருந்தது. எட்சாவின் வாக்குறுதி எதுவும் குடிசை வாசலுக்கு வரவில்லை. கோபம் அசல்தான். அந்த அசல் கோபத்துக்குப் போலித் தீனி போட்டதுதான் விவகாரம்.

எப்படிப்பட்ட தீனி? ஒரு உதாரணம். கற்பழித்துக் கொல்லப்பட்ட ஒரு சிறுமியின் படத்தைப் போட்டு, போதைக்காரர்கள் செய்த அக்கிரமத்தைப் பார், மனித உரிமைக்காரர்களே இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டிருந்தார் டுடெர்டேயின் தேர்தல் பிரசாரச் செய்தித் தொடர்பாளராக இருந்தவர். படம் காட்டுத்தீயாகப் பரவியது. விசாரித்தால், அந்தச் சம்பவம் நடந்தது பிரேசிலில்.

அந்த நேரத்தில் தெருக்களில் தினமும் பிணம் விழுந்துகொண்டிருந்தது. போதை ஒழிப்புப் போர். போலீஸ் கணக்கிலேயே ஆறாயிரத்துக்கும் அதிகமான உயிர்கள். மனித உரிமை அமைப்புகளின் கணக்கு அதைவிடப் பலமடங்கு. செத்தவர்களில் பெரும்பாலானவர்கள் ஏழைகள். திரையில் ஆரவாரம், தெருவில் ரத்தம். இரண்டும் ஒரே சமயத்தில்.

*

மரியா ரெஸ்ஸா என்கிற பத்திரிகையாளர் இதைக் கணக்கெடுக்க ஆரம்பித்தார். ராப்ளர் என்ற இணையப் பத்திரிகையை 2012-ல் தொடங்கியவர். விசித்திரம் என்னவென்றால், ராப்ளரே முதலில் ஒரு ஃபேஸ்புக் பக்கமாகத்தான் பிறந்தது. சமூக ஊடகம் நாட்டை உருப்பட வைக்கும் என்று மனசார நம்பியவர்.

அவருடைய குழு 26 போலிக் கணக்குகளைப் பின்தொடர்ந்து போனது. யாரோ ஒரு கொரிய நட்சத்திரத்தின் படத்தை ஒட்டிவைத்துக்கொண்டு, நல்ல கம்பெனியில் வேலை பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் கணக்குகள். விசாரித்தால் அந்தக் கம்பெனிகளில் அப்படி யாரும் இல்லை. ஒவ்வொன்றும் எக்கச்சக்கமான குழுக்களில் உறுப்பினர். ஒவ்வொரு குழுவிலும் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் ஜனங்கள். கூட்டிப் பார்த்தால் இந்த 26 கணக்குகள் சொல்வது 30 லட்சம் பேர்வரை போய்ச் சேரமுடியும்.

இருபத்தாறு. ஒரு மினி பஸ்ஸில் அடங்குகிற எண்ணிக்கை.

2016 அக்டோபரில் இதை வெளியிட்டதும் ரெஸ்ஸாவுக்கு ஒரு மணி நேரத்துக்கு 90 வசவு மெசேஜ்கள்வரை வந்தன. பிறகு வழக்குகள். 2018-ல் ராப்ளரின் பதிவு ரத்து. 2019-ல் கைது. 2020-ல் இணைய அவதூறு வழக்கில் தண்டனை. அதே வருடம், நாட்டின் மிகப்பெரிய தொலைக்காட்சியான ஏ.பி.எஸ்.-சி.பி.என்.னுக்கு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்து ஒளிபரப்பை நிறுத்தினார்கள். 1972-ல் மார்கோஸ் பூட்டிய அதே நிறுவனம். 2021-ல் மரியா ரெஸ்ஸாவுக்கு, ரஷ்யப் பத்திரிகையாளர் திமித்ரி முராத்தோவுடன் சேர்த்து, அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கு நடுவே இரண்டு ஆராய்ச்சியாளர்கள், ஜோனதன் ஓங், ஜேசன் கபானியெஸ், வேறொரு வேலை செய்தார்கள். இந்தப் போலிக் கணக்குகளை நடத்துகிறவர்களையே தேடிப்போய் உட்கார்ந்து பேசினார்கள். கொம்பும் கோரைப்பல்லுமாக யாரோ இருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இல்லை. பகலில் விளம்பரக் கம்பெனியில் சாமான் விற்பதற்கு வழி சொல்கிற மேலாளர்கள். ராத்திரியில் அதே மூளையை வேட்பாளருக்கு வாடகைக்கு விடுகிறார்கள். அவர்களுக்குக் கீழே லட்சக்கணக்கில் ரசிகர்களை வைத்திருக்கும் பெயர் தெரியாத பக்கங்கள். அவர்களுக்கும் கீழே, நாளுக்கு இத்தனை பதிவு, இத்தனை பின்னூட்டம் என்று கணக்குப் பண்ணிக் கூலி வாங்கும் சின்னப் பையன்கள். வாடிக்கையாளர் ஒரு கட்சி அல்ல. பல கட்சி. யாரும் தன்னை வில்லன் என்று நினைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக் கடன் கட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

2018-ல் கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா ஊழல் வெடித்தது. 8 கோடியே 70 லட்சம் பேருடைய ஃபேஸ்புக் தகவல்கள் கைமாறியிருக்கலாம் என்றார்கள். முதலிடம் அமெரிக்கா. இரண்டாமிடம் பிலிப்பைன்ஸ், 11 லட்சத்து 75 ஆயிரம் பேர். அதே வருடம் ஃபேஸ்புக்கின் உயரதிகாரி ஒருவரே, இந்தப் பொய்ச்செய்தித் தொற்றின் முதல் நோயாளி பிலிப்பைன்ஸ்தான் என்றார். அடுத்த வருடம் மார்ச்சில், டுடெர்டேயின் 2016 சமூக ஊடகப் பொறுப்பாளரோடு தொடர்புள்ள 200 பக்கங்களையும் கணக்குகளையும் ஃபேஸ்புக் நீக்கியது. வெள்ளம் வடிந்து மூன்று வருடம் கழித்து மதகை மூடின கதை.

*

கடைசி அங்கம். 2022, மே 9.

ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தவர் வாங்கிய ஓட்டு 3 கோடியே 16 லட்சம். பதிவானதில் 58 சதவிகிதத்துக்கும் மேல். எதிர்த்து நின்ற லெனி ரோப்ரெடோவுக்கு அதில் பாதியும் இல்லை. ஜெயித்தவர் தேர்தல் விவாதங்களில் பெரும்பாலானவற்றுக்கு வரவே இல்லை. தேவைப்படவில்லை. யூடியூபும் டிக்டாக்கும் அவருக்காக வருடக்கணக்கில் பேசி முடித்திருந்தன.

அவர் பெயர் ஃபெர்டினாண்ட் மார்கோஸ். ஜூனியர். செல்லமாக போங்போங்.

ஆமாம். 1986-ல் எந்தச் சாலையில் நின்று ஜனங்கள் துரத்தினார்களோ, அந்த மார்கோஸின் மகன்.

அந்த வீடியோக்கள் சொன்னது இதுதான். அப்பா மார்கோஸின் காலம் பொற்காலம். சாலை போட்டார், பாலம் கட்டினார், நாடு செழித்தது. குடும்பத்தின் சொத்து திருட்டு அல்ல. ஒரு பழைய அரச குடும்பம் அவருக்குக் கொடுத்த டன் கணக்கான தங்கம். மகன் வந்தால் அதை ஏழைகளுக்குப் பிரித்துக் கொடுப்பார்.

நிஜம்? 1984, 85 இரண்டு வருடங்களிலும் நாட்டின் பொருளாதாரம் ஏழு சதவிகிதத்துக்கு மேல் சுருங்கியது. 2003-ல் அந்த நாட்டு உச்சநீதிமன்றமே, சுவிஸ் வங்கியில் இருந்த மார்கோஸ் பணம் 65 கோடி டாலருக்கு மேல் முறைகேடாகச் சேர்த்தது என்று தீர்ப்பளித்துப் பறிமுதல் செய்தது. ராணுவச் சட்டக் காலத்துக் கொடுமைக்கு ஆளானவர்கள் என்று அரசாங்கமே ஒவ்வொரு கேஸாக விசாரித்து அங்கீகரித்தவர்கள் 11,103 பேர்.

இதெல்லாம் காகிதத்தில் இருக்கிறது. வாக்காளர்களில் பாதிக்கு மேல் 41 வயதுக்குள் இருந்தவர்கள். டாங்கியும் ஜெபமாலையும் அவர்களுக்கு ஞாபகம் இல்லை. காகிதத்தைப் படிக்கச் சொல்ல யாரும் வரவில்லை. வீடியோவை அனுப்பியது யார்? அத்தை. ஆபீஸ் சிநேகிதி. கல்லூரித் தோழன்.

2001-ல் வந்த அதே வழி. அனுப்பியவர் நம் ஆள். ஆகவே நம்பலாம்.

*

கவருக்குள் என்ன இருந்தது என்று சொல்வதாகச் சொன்னேன் அல்லவா?

எஸ்ட்ராடா போன மறு மாதம், 2001 பிப்ரவரியில், பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில் அதைப் பிரித்தார்கள். உள்ளே இருந்த காகிதத்தில், ஹோஸே வெலார்டே கணக்கு ஒரு தொழிலதிபருடையது என்று இருந்தது. எஸ்ட்ராடாவுடையது என்று அல்ல!

எந்தக் கவருக்காக ஒரு நாடே தெருவுக்கு வந்ததோ, அந்தக் கவர் அவரைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படியானால் அவர் உத்தமரா? அதுவும் இல்லை. ஆறு வருடம் வழக்கு நடந்தது. சாட்சிகள், வங்கி அதிகாரிகள், கையெழுத்துகள், குறுக்கு விசாரணை. 2007 செப்டம்பரில் நீதிமன்றம், அந்தக் கணக்கின் நிஜமான சொந்தக்காரர் எஸ்ட்ராடாதான் என்று முடிவுசெய்து, கொள்ளைக் குற்றத்துக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அடுத்த மாதமே அரோயோ மன்னிப்பு வழங்கிவிட்டது தனிக்கதை.

ஆக, 2001-ல் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஓடியவர்கள் நினைத்தது சரிதான். ஆனால் அவர்கள் தெரிந்துகொண்டு ஓடவில்லை. நம்பிக்கொண்டு ஓடினார்கள். அந்த முறை நம்பிக்கை சரியாகப் போனது. சரியாகப் போனதால், நம்பிக்கைக்கும் தெரிதலுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருப்பதையே யாரும் கவனிக்கவில்லை. பதினைந்து வருடம் கழித்து அந்தப் பள்ளத்தில் கடை போட்டவர்கள்தாம் மற்றவர்கள் எல்லாம்.

டுடெர்டே 2025 மார்ச்சில் கைதாகி, சர்வதேசக் குற்றவியல் நீதிமன்ற விசாரணைக்காக ஹேக் நகரத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அதே வருடம் செப்டம்பர் 21. மார்கோஸின் ராணுவச் சட்ட நினைவு நாள். வெள்ளத் தடுப்புப் பணிகளுக்கென்று ஒதுக்கிய பணத்தை ஒப்பந்தக்காரர்களும் அரசியல்வாதிகளும் விழுங்கியதைக் கண்டித்து மணிலாவில் பல்லாயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். பெரும்பாலும் இளைஞர்கள். ஒப்பந்தக்காரர்களின் பிள்ளைகள் சொகுசுக் காரும் வெளிநாட்டுக் கைப்பையுமாகத் தாங்களே போட்ட படங்களைத் தோண்டி எடுத்துப் பரப்பி, அழைப்பு விடுத்ததும் அதே செல்போன்தான். இடம்? எட்சாவும்தான்.

நல்லதா, கெட்டதா என்று செல்போனைக் கேட்டுப் பயனில்லை. அதற்கு ஒரு பெஸோவும் ஒன்றுதான், 3 கோடி ஓட்டும் ஒன்றுதான். அடுத்த முறை உங்கள் சித்தப்பா அனுப்பியது என்று ஒரு மெசேஜ் வந்தால், சித்தப்பா நல்லவர்தான், அதில் சந்தேகமே வேண்டாம்.

சித்தப்பாவுக்கு அனுப்பியது யார்?